டி.டி.டி. பாடத்துக்கு ஒரு திருத்தம்

இது நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் தங்கையின் பேத்தி போன் செய்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. யாரோ வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்கள். சென்னை வட்டாரத் தாய்மார்களின் பாலில் பூச்சிமருந்து இருக்கிறது, குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று. "தாத்தா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே, சொல்லுங்க. புட்டிப்பாலுக்கு மாத்திடட்டுமா?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"மாத்தாதே கண்ணு, நீயே பால் கொடு" என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அதன் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி தவறு. மீதியை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான், இதை அவளுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்குமே சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது என்று தோன்றியது.

காரணம் இதுதான். டி.டி.டி. பாடத்தை உங்களில் பலருக்கு நானே நடத்தினேன். குளோரோபென்சீனும் குளோராலும் அடர் கந்தக அமிலம் சேர்ந்தால் டி.டி.டி. என்று கரும்பலகையில் சமன்பாடு எழுதிப் போட்டேன். "டி.டி.டி.யின் பயன்கள் யாவை?" என்று தேர்வில் கேட்டேன். கொசுவைக் கொல்லும், பயிரைக் காக்கும், நீண்ட நாள் சிதையாமல் நின்று வேலை செய்யும் என்று மூன்றும் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்த மூன்றாவது வரிதான் இப்போது உறுத்துகிறது.

முதலில் டி.டி.டி.க்கு நான் பட்ட நன்றிக்கடனைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே. அப்போது அது செங்கற்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவர் மூன்று வயதில் முறைக்காய்ச்சலில் போய்விட்டார் என்று எங்கள் ஆயா சொல்வார். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போடும் அந்தக் காய்ச்சலுக்குத்தான் மலேரியா என்று பெயர் என்பது ஆயாவுக்குத் தெரியாது.

எங்கள் கரையோரம் அந்த நோய்க்குப் பேர் போனது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரசல் என்ற அமெரிக்க மருத்துவர், ஜேக்கப் என்பவரோடு சேர்ந்து எண்ணூர் முதல் நெல்லூர் வரையுள்ள கடற்கரை மலேரியா பற்றி 1942-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வெட்டிய குழிகளில் கொசு பெருகுவதை அவர்கள் கண்டார்கள். ஆக, அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டியவர்களும் நாம்தான்.

சுதந்திரம் வந்த 1947-ஐ ஒட்டி, நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆயுதம் டி.டி.டி. 1874-இலேயே ஒரு ஜெர்மன் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, யாரும் சீண்டாமல் கிடந்த பொருள் அது. 1939-இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர்தான் அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1948-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தடிக்கிறவர்கள் வரும் நாள் எங்கள் தெருவில் திருவிழா மாதிரி. சட்டி பானை, பாய், தலையணை எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். ஒருவர் பம்பை அடிக்க, இன்னொருவர் குழாயைப் பிடித்துச் சுவர் சுவராகத் தெளிப்பார். சதுர மீட்டருக்கு ஒரு கிராம், ஆண்டுக்கு இரண்டு முறை என்பது கணக்கு. முடித்ததும் வாசல் சுவரில் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்வரை அந்தத் தேதியை யாரும் அழிக்கக்கூடாது. மூட்டைப்பூச்சியும் சேர்ந்து செத்ததால் ஜனங்களுக்கு இரட்டைச் சந்தோஷம். ஆயா அவர்களுக்கு மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. 1965-இல் நாடு முழுவதும் மலேரியா நோயாளிகள் ஏறக்குறைய ஒரு லட்சமாகக் குறைந்துவிட்டார்கள். 7.5 கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே! நான் பிழைத்து வளர்ந்து உங்கள் முன் சாக்பீஸோடு நின்றதில் டி.டி.டி.க்கும் பங்கு உண்டு. அதை மறந்துவிட்டு அந்த மருந்தைத் திட்டுவது நியாயமாகாது.

ஆனால் கொசு பழகிக்கொண்டது. 1976-இல் நோயாளிகள் மறுபடியும் 64 லட்சம். கொசுவைக் கொல்லும் பலம் போன பிறகும் மருந்து மட்டும் போகவில்லை. சுவரிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து மாட்டுக்கும், பால் வழியாக நமக்கும் வந்து சேர்ந்தது.

ஏன் போகவில்லை? இங்கே ஐந்து நிமிடம் பாடம் நடத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றை நம் பாடநூல் உப்பீனிகள் என்று சொல்லும். உப்பை ஈனுபவை என்று பொருள். சாப்பாட்டு உப்பில் இருப்பதும் குளோரின்தான். அது தண்ணீரில் கரையும், வேலை முடிந்ததும் சிறுநீரிலும் வியர்வையிலும் போய்விடும். அதே குளோரினைக் கார்பனோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் கதை மாறிவிடும். டி.டி.டி. போன்ற பொருள்களில் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி நம் கல்லீரலிடம் சரியாக இல்லை. தண்ணீரிலும் கரையாததால் சிறுநீரகத்தாலும் வெளியேற்ற முடியவில்லை. கொழுப்பில் மட்டும் நன்றாகக் கரைவதால் உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டி.டி.டி.யைப் பாதி உடைத்து உடம்பு டி.டி.இ. ஆக்குகிறது. அந்த டி.டி.இ. அப்பனைவிடப் பிடிவாதக்காரன்.

இந்த வகைப் பொருள்களில் பல, உடம்பில் பாதியாகக் குறையவே 7 ஆண்டுபோல எடுத்துக்கொள்கின்றன. 20 வயதில் 100 பங்கு இருந்தால், புதிதாக எதுவும் சேராவிட்டாலும் 27-இல் 50, 34-இல் 25, 41-இல் 12.5. புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்தால் கணக்கு குறையவே குறையாது. ஓட்டைக் குடத்தில் ஒழுகுவதைவிட வேகமாக ஊற்றுவது போல.

பெண்களுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. தாய்ப்பாலில் கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்போடு இதுவும் வெளியே வருகிறது. தாயின் பாரம் இறங்குகிறது, பிள்ளைக்கு ஏறுகிறது. முதல் பிள்ளைக்குக் கூடுதலாக. 1951-லேயே அமெரிக்காவில் தாய்ப்பாலில் டி.டி.டி.யைக் கண்டுவிட்டார்கள். 1965-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், டெல்லிவாசிகளின் உடற்கொழுப்பில் டி.டி.டி. மற்ற நாடுகளைவிட அதிகமாக இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' நூல் அதற்கு முன்பே, 1962-இல் வந்துவிட்டது. நான் உங்களுக்குப் பாடம் நடத்தும்போது இவையெல்லாம் நடந்து முடிந்திருந்தன. எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. பாடநூலைத் தாண்டிப் படிக்காத குற்றம் என்னுடையது.

உடம்பில் இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தைப் பத்திரமாக உறையவைத்திருந்தார்கள். அதைப் பிற்பாடு பார்பரா கோன் என்ற ஆய்வாளரின் குழு பரிசோதித்தது. 14 வயதுக்கு முன்பே டி.டி.டி.க்கு ஆளாகி, ரத்தத்தில் அது அதிகமாக இருந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் 5 மடங்கு என்று 2007-இல் எழுதினார்கள். கருவில் இருந்தபோது தாயின் ரத்தத்தில் டி.டி.டி. மிக அதிகமாக இருந்த மகள்களுக்கு அபாயம் ஏறக்குறைய 4 மடங்கு என்று 2015-இல் எழுதினார்கள். அபாயம் என்றால் எல்லோருக்கும் நோய் வரும் என்று பொருளல்ல. வாய்ப்பு கூடுகிறது என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் தாய் சுமந்ததற்கு மகள் ஐம்பது ஆண்டு கழித்துக் கணக்குக் கொடுக்கிறாள் என்பது சின்ன விஷயமல்ல.

டி.டி.டி.யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வயல் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பி.எச்.சி. தூள் நினைவிருக்கும். சிலர் காமாக்சின் என்பார்கள். 1952-இல் கல்கத்தா அருகே அதன் தயாரிப்பு தொடங்கியது. துணிப்பையில் கட்டி நெற்பயிர் மேல் உதறுவார்கள். வீட்டில் எறும்புக்குத் தூவுவார்கள். பிள்ளைகளின் தலைப்பேனுக்குக்கூடப் போட்டுத் தேய்த்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தூளில் பூச்சியைக் கொல்லும் காமா வடிவம் 100-க்கு 10 முதல் 15 பங்குதான். மீதியெல்லாம் கூடவே வந்த சுமை. அதில் பீட்டா என்ற வடிவம்தான் உடம்பில் எல்லாவற்றையும்விட நீண்ட நாள் தங்குவது. பத்து மூட்டை தூவினால் ஒன்றரை மூட்டைதான் பூச்சிக்கு. மற்றதெல்லாம் ஊருக்கு.

அது எங்கே போயிற்று என்று நம் தமிழ்நாட்டிலேயே கண்டுபிடித்தார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 1980-களின் இறுதியில் வெள்ளாற்றுப் பகுதியில் வயல், காற்று, தண்ணீர், மீன் எல்லாவற்றையும் அளந்தார்கள். வயலில் போட்ட பி.எச்.சி.யில் 99 விழுக்காட்டுக்கும் மேல் காற்றில் ஏறிப் போய்விடுகிறது என்று தெரிந்தது. நம் வெயில் அப்படி. மேலே போனது குளிர்ந்த தேசங்களில் இறங்கியது. காற்றோடு போய் வடதுருவத்துப் பனியில் படியும் பொருள்கள் இவை. பூச்சிமருந்தையே பார்த்திராத இன்யூட் மக்களின் உடம்பிலும் இந்த வகைப் பொருள்கள் கிடைத்தன. நாம் பொன்னேரி வயலில் உதறியது எங்கோ ஒரு தாயின் பாலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மீதம் இங்கேயே இருந்தது. 1997-இல் இந்தியா பி.எச்.சி.யைத் தடை செய்தது. அதே கூட்டணி சென்னை, பெருங்குடி, சிதம்பரம், பரங்கிப்பேட்டைத் தாய்மார்களின் பாலை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டது. தடைக்குப் பிறகும் சென்னைத் தாய்மார்களின் பாலில் அது இருந்தது. உலக நாடுகளோடு ஒப்பிட்டால் உயர்ந்த அளவு. என் பேத்திக்கு வந்த வாட்ஸப் செய்தியின் வேர் இதுதான். அது பழைய ஆய்வு என்பதை மட்டும் அனுப்பியவர் சொல்லவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளர்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஜி.என்.டி. சாலை ஓரம் கத்திரித் தோட்டம் இருந்த இடத்தில் எஃகு உருக்கும் உலைகள் வந்தன. பழைய இரும்பு லாரி லாரியாக வந்தது. உங்களில் பலருடைய அப்பாக்கள் அங்கே வேலை பார்த்துத்தான் உங்களைப் படிக்கவைத்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை.

1990-களில் என் வகுப்பில் ஒரு பையன். பள்ளி விட்டதும் ஏரிக்கரையில் பழைய ஒயரை எரித்துச் செம்பை எடுத்துக் காயலான் கடையில் போடுவான். அந்தக் காசில் நோட்டு வாங்கினான். "பாருங்கள், உழைத்துப் படிக்கிறான்" என்று வகுப்பையே கைதட்டச் சொன்னேன். கருப்புப் புகை சட்டையில் வாடையாக ஒட்டியிருந்தது. வேதியியல் ஆசிரியரான நான் அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

ஒயரின் மேலுறை பி.வி.சி.; அதில் குளோரின் இருக்கிறது. உள்ளே செம்பு. எரியும் குளோரினோடு செம்பு வினையூக்கியாகச் சேர்ந்தால் டையாக்சின் என்ற பொருள் உருவாகும். அதை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை, எரிப்பதால் தானே பிறக்கிறது. 1976 ஜூலை 10 அன்று இத்தாலியின் செவேசோ ஊர் மீது ஒரு தொழிற்சாலையிலிருந்து பறந்து வந்து ஊரின் ஒரு பகுதியைக் காலி செய்யவைத்தது இதுதான். வியட்நாம் காடுகளில் அமெரிக்க ராணுவம் தெளித்த மருந்தில் கலந்திருந்ததும் இதுதான். புற்றுநோய் உண்டாக்கும் என்று 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் உறுதியாக வகைப்படுத்தியது. 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, டையாக்சின் பிறக்கும் இடங்களின் பட்டியலில் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதையும், ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. இந்தியா 2006-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது.

பெருங்குடிக் குப்பைமேட்டில் நடந்ததைப் பாருங்கள். குப்பை புகைந்துகொண்டே இருக்கும், மாடுகள் அங்கேயே மேயும். அந்தப் பகுதித் தாய்மார்களின் பாலில் டையாக்சின் கூடுதலாக இருப்பதற்கு அந்த மாட்டுப்பால் ஒரு வழியாக இருக்கலாம் என்று 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். புகையைச் சுவாசித்தால்தான் கெடுதல் என்றில்லை. புகை புல்லில் படியும், புல் பாலாகும்.

இந்த வரிசையில் கடைசியாக வந்தது ஃப்ளோரின். ஒட்டாத தவாவில் இருக்கும் டெஃப்ளான் 1938-இல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தயாரிக்கப் பயன்பட்ட ஒரு பொருள் கொழுப்பில் சேராது. ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சுற்றிவரும். அமெரிக்காவில் ஓகையோ ஆற்றங்கரையில் ஒரு தொழிற்சாலையைச் சுற்றிய ஊர்களில் குடிநீரில் அது கலந்தது. ஏறக்குறைய 69,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய், அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளிட்ட 6 நோய்களுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்று 2012-இல் அறிவியல் குழு சொன்னது. இந்தக் குடும்பத்து ரசாயனங்களை நம் சென்னை நீர்நிலைகளிலும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் அண்மையில் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்துப் பயந்துவிடாதீர்கள். இந்த வரலாற்றில் எனக்குத் தைரியம் தந்த ஒரு பக்கமும் இருக்கிறது. ஸ்வீடனில் 1972 முதல் தாய்ப்பாலைச் சேமித்து அளந்துவருகிறார்கள். டி.டி.டி.யைத் தடை செய்த பிறகு பாலில் அதன் அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தது. அதே பாலில், சோபாவிலும் டி.வி.யிலும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் பொருள் 5 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்ததை 1990-களின் இறுதியில் கண்டார்கள். அதையும் நிறுத்தினார்கள், அதுவும் இறங்கியது. உடம்பு மெதுவாகத்தான் மறக்கும், ஆனால் மறக்கும். ஊற்றுவதை நிறுத்தினால் போதும். ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஊற்றத் தொடங்கினால்தான் வம்பு.

பேத்திக்கு என் பதில் இதுதான். கண்ணு, பால் கொடு. இவ்வளவும் அளந்து பார்த்த விஞ்ஞானிகளும் சரி, உலக சுகாதார நிறுவனமும் சரி, தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. நோய் எதிர்ப்பும் வளர்ச்சியும் அதில் கிடைப்பதுபோல் டப்பாப் பாலில் கிடைக்காது. பாலை அளந்து பார்க்கிறார்கள் என்பதால் பால் குற்றவாளி ஆகிவிடாது. ஊர் எப்படி இருக்கிறது என்று பால் சொல்கிறது, அவ்வளவுதான். ஆயா சுமந்ததைவிட, உன் அம்மா சுமந்ததைவிட, இந்தப் பழைய மருந்துகளை நீ குறைவாகச் சுமக்கிறாய். உன் மகள் இன்னும் குறைவாகச் சுமக்க வேண்டும். அது உன் ஒருத்தி கையில் இல்லை, எங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது.

மற்ற பிள்ளைகளுக்குச் சில வேண்டுகோள்கள். பஞ்சாயத்துத் தலைவர்களாக, கவுன்சிலர்களாக இருக்கும் என் மாணவர்களே, குப்பையைக் கொளுத்தவிடாதீர்கள். காயலான் கடை வைத்திருக்கும் தம்பிகளே, ஒயரை உரித்து எடுங்கள், எரிக்காதீர்கள். உரிக்கும் மெஷின் கிடைக்கிறது. தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருப்பவர்களே, புகைபோக்கியில் டையாக்சின் அளந்தீர்களா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேளுங்கள். ஆசிரியர்களாகிவிட்ட என் பிள்ளைகளே, டி.டி.டி. பாடம் நடத்தினால் அந்த மூன்றாவது வரியை, 'நீண்ட நாள் சிதையாது' என்பதை, பயன்களிலும் எழுதச் சொல்லுங்கள், தீமைகளிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் எழுதினால் மட்டும் முழு மதிப்பெண்.

ஏரிக்கரையில் ஒயர் எரித்த அந்தப் பையன் இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் செய்யப்பா. உன் நம்பர் என்னிடம் இல்லை. நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க வேண்டும். அன்று கைதட்டச் சொன்னதற்குப் பதிலாக உனக்கு நோட்டு நானே வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

தவறு ஏதும் இருந்தால் கூச்சப்படாமல் திருத்துங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் மருந்தடித்த தேதி எழுதியிருந்தது யாருக்காவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்